படுக்கையறைத் தூண்டில்

"அப்பா, அதைப் பார்க்க மட்டும்தான் செய்யணும். பிடிக்கக் கூடாது!"

ஹெய்மாத்தா கத்தி முடிப்பதற்குள் பாறைமீன் படுக்கையறைக்குள் வந்து துள்ளியது.

பசிபிக் தீவான போரா போராவில், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் ஹோட்டல் பங்களா. மீனுக்கு ரொட்டி போட, படுக்கையறைத் தரையில் பதித்த கண்ணாடியை நகர்த்தித் திறக்கலாம். விருந்தாளிகள் அதன்மேல் குப்புறப் படுத்து வாயைப் பிளப்பார்கள். அவள் அப்பா திஹோத்தியோ தூண்டிலை இறக்கிவிட்டார்.

"தரையில ஓட்டையும் வச்சு, அடியில மீனையும் வச்சுட்டு, பிடிக்காதேன்னா? எந்தக் கிறுக்கன்டி கட்டினான்?"

"மெதுவா! பக்கத்து பங்களாவுல ஆள் இருக்கு."

"தெரியும். காலையிலயே பேசியாச்சு."

"என்ன பேசினீங்க?"

"சும்மா, ஊர்க்கதை."

இந்தத் தீவுக்காரர்கள் இந்த பங்களாக்களில் படுக்கை விரிக்கலாம், படுக்கக் கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம். ஊழியரின் பெற்றோருக்கு ஓர் இரவு இலவசம் என்ற சலுகையைத் துணிந்து கேட்டவள், குடும்பத்தின் முதல் பட்டதாரியும் ஹோட்டலின் புது உதவி மேலாளருமான ஹெய்மாத்தாதான். "ஒரே ஒரு புகார் வரட்டும், உன் வேலை நிரந்தரம் ஆகாது" என்றிருந்தார் மேலாளர் லூயிக்.

"அதைத் தண்ணியிலயே விட்டுடுங்கப்பா."

"செத்துப்போச்சே."

"செத்ததை வீணாக்கினா பாவம்டி," என்று அம்மா மொயேயா பையைத் திறந்தாள். எலுமிச்சை, தேங்காய், துருவி, கத்தி. குளியலறையின் பளிங்கு மேடை வெட்டுப்பலகையானது.

"குடல் நாறுமே!"

"அதுக்கென்ன?" அப்பா குடலை ஓட்டை வழியே தள்ளிவிட்டார்.

சுறாவுக்கு அழைப்பிதழா வேண்டும்? கறுப்புத் துடுப்புகள் வட்டமிட்டு வந்தன. அடுத்த பங்களாப் படியில் கால் நனைத்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரி சொலாஞ் வீறிட்டாள்.

ஹெய்மாத்தா வெளியே பாய்ந்தாள். "பயப்படாதீங்க மேடம்! சாதுச் சுறா. இது எங்க ஹோட்டலோட சிறப்பு நிகழ்ச்சி. இவர்... எங்க மீனவர்."

அப்பா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொப்பியைத் தொட்டு, மகளிடமே, "சரிங்க மேடம்," என்றார்.

அந்த 'மேடம்' அவளை மீன்முள்ளாகக் குத்தியது.

நிகழ்ச்சி என்றால் கூட்டம் சேராமல் இருக்குமா? சொலாஞ் புருஷனை இழுத்து வந்தாள். அவர் மற்ற பங்களாக்காரர்களை இழுத்து வந்தார். பச்சையும் நீலமுமாய் மினுங்கும் தண்ணீருக்குள் அப்பாவின் நூல் இறங்கியது. மணிக்கட்டில் ஒரே ஒரு சுண்டல். மேலே வந்தது வெள்ளித் துண்டாய் ஒரு மீன். அத்தனை பேரும் மூச்சடக்கினார்கள். ஹெய்மாத்தாவும்தான், இத்தனை வருடம் அந்தக் கையை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. எலுமிச்சைச் சாற்றிலும் தேங்காய்ப்பாலிலும் அம்மா ஊறவைத்த பச்சை மீனை வெள்ளைக்காரர்கள் கையாலேயே வழித்துத் தின்றார்கள்.

அப்போதுதான் லூயிக் உள்ளே வந்தார்.

"என்ன கூட்டம் இது? யார் இவர்?"

"இவர்..." ஹெய்மாத்தா அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். "இவர் எங்க அப்பா."

லூயிக்கின் முகம் சிவந்தது. சொலாஞ் விரலைச் சப்பிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"அது எங்களுக்குக் காலையிலயே தெரியுமே! இந்த ஹோட்டலையே தன் பொண்ணுதான் நடத்துறாள்னு அவர் சொன்னாரே. ஆமா, அவகிட்ட வேலை பார்க்குற லூயிக் நீங்கதானா?"