முதலில் கையெழுத்தா, முதலில் எண்ணெயா?

குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குச் சாரல் மாதங்களில் ஒரு தீராத வியாதி உண்டு. யார் வந்தாலும், எதற்காக வந்தாலும், முதலில் அருவிக்கு அனுப்பிக் குளிக்க வைத்துவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர், யாருக்கும் விலக்கு கிடையாது. ஊருக்கே ஆபரேஷன் செய்கிற எனக்கும் இந்த வியாதி இருந்தது. அது முற்றிப்போன கதை இது.

மேலகரத்தில் எங்களுடையது சின்ன மருத்துவமனை. வைத்தியம் நான். மற்ற எல்லாமே என் வீட்டுக்காரர், பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் இருவரையும் கட்டி மேய்ப்பது செல்வி சிஸ்டர்.

ஒருநாள் பேச்சியம்மாள் வந்து நின்றார். போலீஸ் ஏட்டு மனைவி. தலைவலி என்றாலும் என்னிடம்தான் வருவார். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் நாள்கூடக் குறித்திருந்தேன். அன்று கையில் இன்சூரன்ஸ் கார்டு.

"கோவிச்சுக்கிடாதீங்க டாக்டரம்மா. உங்க கை பட்டாலே எனக்குக் குணமாயிரும். ஆனா இங்கன கார்டு எடுக்க மாட்டேங்கியளே. திருநெல்வேலியில எடுக்காவளாம்."

அந்த மாதத்தில் இப்படிச் சொல்லிவிட்டுப் போன முதல் ஆள் அவர் இல்லை. இப்படியே போனால் மருத்துவமனையை மூடிவிட்டுப் பரோட்டா கடை வைக்க வேண்டியதுதான் (சீசனில் அதற்குக் கூட்டம் அதிகம்). இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில் சேர்ந்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. "நீ பார்க்கிற வைத்தியத்துக்கு எவனோ சென்னையில உக்காந்துக்கிட்டு சரி சொல்லணுமாக்கும்? பட்டாளத்துல லீவுக்குக் கையெழுத்து கேட்டு நின்னே எனக்கு அலுத்துப் போச்சு."

"அப்போ காலிக் கட்டில்ல நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் படுத்துக்கிடுவோமா?" என்றேன்.

விண்ணப்பித்தோம். ஆய்வுக்கு ஒரு டாக்டர் வருவார் என்று பதில் வந்தது. நான் தலைகால் புரியாமல் ஆடினேன். சுவருக்கு வெள்ளை, வாசலுக்கு இரவல் பூந்தொட்டி, கட்டில்களுக்குப் புது வெள்ளை விரிப்பு. விரிப்பு அழுக்காகிவிடும் என்று நோயாளிகளை அதில் படுக்கவிடவில்லை. காய்ச்சலில் வந்த ஒரு பெரியவரைப் பெஞ்சில் உட்காரவைத்தே குளுக்கோஸ் ஏற்றினேன். (அந்தக் காலத்தில் எனக்கு மூளை இருந்ததா என்று இப்போதும் சந்தேகம்தான்.)

ஆய்வு டாக்டர் காலையிலேயே வந்து இறங்கினார். மரியாதையான மனிதர். நேராக உள்ளே வந்து உட்கார்ந்து, தாள்களை விரித்து, பேனா மூடியையும் கழற்றிவிட்டார்.

"ஆரம்பிச்சிடலாமா மேடம்?"

ஆரம்பித்திருக்கலாம். மத்தியானத்துக்குள் முடிந்திருக்கும். நானோ, "என்ன சார் அவசரம்? அருவியில நல்லா தண்ணி விழுது. முதல்ல போய் ஒரு குளி குளிச்சுட்டு வாங்க" என்றேன்.

"அவரு வேலையாத்தான வந்திருக்காரு. பார்த்துட்டுப் போகட்டுமே" என்றார் வீட்டுக்காரர். நான் முறைத்தேன். ஆய்வு டாக்டரும் வேண்டாம் என்றுதான் சொன்னார். எண்ணெய் மசாஜ் என்ற வார்த்தையைக் கேட்டதும் கொஞ்சம் இளகிவிட்டார். பேனாவை மூடினார். வீட்டுக்காரரையே துணைக்கு அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்காரரிடமிருந்து போன். "ஏட்டி, பதறாத. உன் நெட்வொர்க்கு வழுக்கி விழுந்துட்டு."

ஆய்வு டாக்டர் தலை முதல் கால் வரை எண்ணெயோடு அருவிப் படியில் கால் வைத்திருக்கிறார். விழுந்தது கூடப் பெரிதில்லை. தூக்கத்தான் முடியவில்லையாம். "பிடிச்சா நழுவுதாரு. ரெண்டு தரம் கீழ விட்டுட்டோம்" என்றார் வீட்டுக்காரர். கடைசியில் குளிக்க வந்தவர்களின் துண்டுகளை எல்லாம் வாங்கிச் சுற்றி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்.

யாரையும் படுக்கவிடாத அந்த வெள்ளை விரிப்பில் முதன்முதலாகப் படுத்தவர் அவர்தான். எழுந்தபோது அவருடைய முழு உருவமும் அதில் எண்ணெயாகப் பதிந்திருந்தது. எத்தனை முறை வெளுத்தும் போகவில்லை.

கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டேன். தலையிலும் அடி என்பதால் இரண்டு நாள் இருந்தாக வேண்டும். அவர் படுத்தபடியே தன் கம்பெனிக்குப் போன் போட்டார். நெடுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் குரல், அந்த மருத்துவமனை நம் நெட்வொர்க்கில் இல்லை என்று அழகாகச் சொன்னது.

அவர் என்னைப் பார்த்தார். "மேடம், இங்க கேஷ்லெஸ் ஆகாதா?"

செல்வி சிஸ்டர்தான் சொன்னார். "அதுக்கு நீங்கதான் சார் கையெழுத்துப் போடணும்."

நியாயமான மனிதர், போடவில்லை. இங்கே வைத்தியம் பார்த்துக்கொண்ட பிறகு இந்த இடத்தை அவர் ஆய்வு செய்தால் செல்லாதாம். கையிலிருந்து பணம் கட்டிவிட்டுக் கட்டுக்காலோடு ஊருக்குப் போனார். அந்தப் பணத்தைக் கம்பெனியிடம் கேட்டபோது, வேலை நேரத்தில் அருவியில் என்ன வேலை என்று திருப்பிக் கேட்டார்களாம். எங்கள் விண்ணப்பம் 'ஆய்வு நடைபெறவில்லை' என்று திரும்பி வந்தது.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியிலிருந்து வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். "விடு. எண்ணெயத் தடவிக்கிட்டுப் புரண்டாலும் ஒட்டுற மண்ணுதான் ஒட்டும்." பழமொழி சொல்ல அவருக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை.

மறுவருஷம் மறுபடி விண்ணப்பித்தேன். வேறொரு டாக்டர் வந்தார், அதுவும் சரியாகச் சாரலில். காரை விட்டு இறங்கியதும் மலையைப் பார்த்தார். "அருவியில தண்ணி விழுதா மேடம்?"

"ஒரு சொட்டு இல்லை சார்" என்றேன், நனைந்த குடையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு. செல்வி சிஸ்டர் பேனாவோடு ஓடிவந்தார். "முதல்ல கையெழுத்து சார்."

போட்டுவிட்டார். நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டோம். வாசலில் போர்டு மாட்டிய அன்று ஊருக்கே லட்டு கொடுத்தேன்.

பேச்சியம்மாளும் திரும்பி வந்தார், குடலிறக்க ஆபரேஷனுக்கு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். சென்னையிலிருந்து கம்பெனியின் அனுமதி வரவில்லை. மத்தியானம் ஆயிற்று. வரவில்லை. பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, காப்பியும் குடித்துவிட்டு, பேச்சியம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, உங்க கை ராசியான கைதான். அங்கன கையெழுத்து போடுத கைக்கு என்ன சுளுக்கா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இன்றும் எங்கள் வீட்டில் மகளின் கல்லூரிச் சேர்க்கையானாலும் பத்திரப்பதிவானாலும், "முதல்ல கையெழுத்தா, முதல்ல எண்ணெயா?" என்று கேட்காமல் யாரும் வாசல்படி தாண்டுவதில்லை. மருத்துவமனையில் அதைச் சொல்லிக் காட்டுகிற வேலை வீட்டுக்காரருடையது. நோயாளியோடு வந்தவர்கள் அவரிடம் போய், "அண்ணாச்சி, சென்னைக் கையெழுத்து வந்துட்டா?" என்பார்கள். அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு எண்ணெய் பாட்டிலை எடுத்து நீட்டுவார்.

"வர சாயங்காலம் ஆவும். முதல்ல போய் ஒரு குளி குளிச்சுட்டு வாங்க. படியில பார்த்து நடங்க."

சொல்வது அவர்களிடம், பார்ப்பது என்னை.