ராசியான எடை 412.350

வாஸ்கோ ட காமா கடல்வழியைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு உலக வாணிபத்தில் நடந்த ஒரே பெரிய நிகழ்ச்சி, தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்தெருவில், இரண்டாவது மாடியில் நடந்தது. லிஃப்ட் வேலை செய்யாததால் சரித்திர ஆசிரியர்கள் யாரும் இன்னும் மேலே வரவில்லை. ஆகவே அந்த நிறுவனத்தின் மேலாளர் என்ற முறையில் நானே எழுதிவைக்கிறேன்.

நிறுவனத்தின் பெயர் சண்முகவேல் எக்ஸ்போர்ட்ஸ். அப்பளம், வடகம், குத்துவிளக்கு, ஆட்டுக்கல் என்று ஐரோப்பாவில் இருக்கும் தமிழர்கள் எதையெல்லாம் நினைத்து ஏங்குகிறார்களோ, அதையெல்லாம் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்புகிறோம். பதினான்கு ஆண்டுகளில் எண்பத்தேழு சரக்குகள். எண்பத்தேழும் ஒரே எடை: 412.350 கிலோ.

அப்பளம் போனாலும் 412.350. ஆட்டுக்கல் போனாலும் 412.350. மேல், கீழ் என்று மனிதர்கள் அடித்துக்கொள்கிற நாட்டில், அப்பளத்துக்கும் ஆட்டுக்கல்லுக்கும் சம அந்தஸ்து கொடுத்த நிறுவனம் வேறு ஏதாவது உண்டா?

முதல் சரக்கின் ஆவணத்தில் அந்த எண் குத்துமதிப்பாகத்தான் விழுந்தது. ஆனால் சரக்கு ஒரு கேள்வியும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி விரல்விட்டு எண்களைக் கூட்டினார். பதினைந்து வந்தது. அதையும் கூட்டினார். ஆறு.

"ஆறுவே! என் பேர்லயே ஆறு இருக்குல்லா. முருகனே போட்டுக் குடுத்த எடை. இனிமே இதை மாத்தப்படாது."

அன்றோடு எங்கள் அலுவலகத்தில் சரக்கை எடை போடும் மூடப்பழக்கம் ஒழிந்தது.

சென்ற ஆண்டு, சரக்கு இறங்கும் நாட்டின் சுங்கத் துறையிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இனிமேல் காகிதம் செல்லாது. கப்பல் கிளம்புவதற்கு முன்பே எல்லா விவரங்களையும் அவர்களுடைய கணினியில் பதிய வேண்டும். உண்மையான எடை வேண்டும். விவரங்களுக்குப் பொறுப்பேற்பவராக ஒரு மனிதரின் பெயரும் வேண்டும். கம்பெனியின் பெயர் போதாது.

அந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தவள் சான்ட்ரா ஒருத்திதான். சாந்தோம் பெண். அம்மா டீச்சர். எங்களிடம் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சுங்க நடைமுறைகளில் டிப்ளமா படித்தவள் என்பதால், வந்த கடிதத்தைப் படிக்க வேண்டும் என்ற கெட்ட பழக்கம் அவளிடம் இருந்தது.

"அண்ணாச்சி, ஒரு எடை மிஷின் வாங்கணும். அவ்ளோதான். மத்ததெல்லாம் ஈஸி" என்றாள்.

"மிஷினா? அது ராசியில்லாத எடையக் காட்டிச்சின்னா என்னம்மா செய்வ?"

சான்ட்ரா கடிதத்தை மறுபடி புரட்டினாள். இதையெல்லாம் டிப்ளமாவில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

எடை மிஷின் வாங்குவது சில்லறைச் சிந்தனை. நாங்கள் தொலைநோக்கோடு, அடையாற்றில் ஓர் ஓட்டலில் நடந்த 'மின்னணுச் சுங்கமும் நாமும்' என்ற ஒருநாள் கருத்தரங்குக்குப் போனோம். நீரஜா என்ற ஆலோசகர் அறுபத்து மூன்று படங்கள் போட்டுக் காட்டினார். சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே அண்ணாச்சி எழுந்து, எல்லாருடைய மனத்திலும் இருந்த கேள்வியைக் கேட்டார்.

"மேடம், இதுல ஆபீசர் யாரு?"

"ஆபீசரே கிடையாது சார். சிஸ்டம்தான் பார்க்கும்."

"சரி. அந்த சிஸ்டத்துக்கு வேண்டப்பட்டவங்க யாரு?"

"யாரும் இல்ல சார்."

அரங்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரையும் தெரியாத ஓர் அதிகாரியை நம்பி எப்படி வியாபாரம் செய்வது? அண்ணாச்சி அன்று தயிர்சாதத்தைக்கூடத் தொடவில்லை.

அடுத்து, பொறுப்பேற்பவரின் பெயர். அண்ணாச்சிக்கு ஏழரை நாட்டுச் சனி. பெயரை எங்கும் கொடுக்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லியிருந்தார். எனக்கு ரத்த அழுத்தம். ஆக, பெண்களுக்கு அதிகாரம் அளிக்க இதைவிட நல்ல தருணம் இல்லை என்று நிர்வாகம் ஒருமனதாக முடிவு செய்தது.

விழா எடுத்தோம். டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிற அந்தச் சின்னச் சாதனத்தை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் வைத்தோம். சான்ட்ராவுக்குப் பொன்னாடை போர்த்தினோம். மூடை தூக்கும் பவுல்சாமி கை தட்டினான்.

சான்ட்ரா மட்டும் சிரிக்கவில்லை. "என் பேர்ல போகுதுன்னா சரியான எடைதான் போகும் அண்ணாச்சி" என்றாள். போட்டோ எடுக்கிற மும்முரத்தில் அண்ணாச்சி தலையாட்டினார்.

பிறகு என் மேசைக்கு வந்தாள். "சார், தப்பான எடை குடுத்தவங்கன்னு ஒரு தடவை என் பேர் அந்த லிஸ்ட்ல ஏறிட்டா, அஞ்சு வருஷத்துக்கு எந்தக் கம்பெனியும் என்னை இந்த வேலைக்கு எடுக்க முடியாது. நான் படிச்சதே இது ஒண்ணுதான் சார்."

"நாங்க இருக்கோம்ல" என்றேன். நிர்வாகத்தில் இருப்பவர்கள் தினம் இரண்டு தடவையாவது சொல்ல வேண்டிய வாக்கியம் அது.

அடுத்த சரக்கு நாற்பது பெட்டி அப்பளம். இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்து நான் அலுவலகத்துக்குள் நுழைந்தால் மீன் வாடை. பெட்டிகளுக்கு நடுவே ஒரு தராசு. சான்ட்ரா ஒவ்வொரு பெட்டியாக எடை பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் அப்டி பாக்கற?" என்றான் பவுல்சாமி. "எம் மச்சினிச்சி நொச்சிக்குப்பத்துல மீன் விக்கிது. மத்தியானத்துக்கு மேல மிஷின் சும்மாதான் கீது. அதான் எத்துக்கினு வந்தேன். பாவம் சார், பொண்ணு ரெண்டு நாளா கேட்டுக்கினு கீது."

மொத்தம் 161.900 கிலோ வந்தது. சான்ட்ரா அதை அப்படியே பதிந்தாள். கப்பல் போய்ச் சேர்ந்தது. அங்கே சரக்கு விடுவிக்கப்பட நான்கு நிமிடம் ஆனது. முன்பெல்லாம் ஒன்பது நாள் ஆகும்.

அண்ணாச்சி அலுவலகம் முழுக்க அல்வா கொடுத்தார். ஏற்றுமதியாளர் சங்கக் கூட்டத்தில், தாம் எப்படிக் காலத்துக்கேற்ப மாறினார் என்று முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சில் மீன் தராசு வரவில்லை. சான்ட்ராவும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அடுத்த மின்னஞ்சல் வந்தது. "உங்கள் பழைய காகிதங்களையும் கணினியில் ஏற்றிவிட்டோம். இதே நாற்பது பெட்டி அப்பளம் இதற்கு முன் 412.350 கிலோ இருந்தது. விளக்குகளும் ஆட்டுக்கற்களும் அப்படியே. எண்பத்தேழு முறை தவறான எடை கொடுத்ததற்குப் பொறுப்பானவர் யார்? இணைத்துள்ள படிவத்தில் அவர் பெயரைப் பதியவும்."

அண்ணாச்சி 161.900 என்பதை விரல்விட்டுக் கூட்டினார். பதினேழு. எட்டு.

"எட்டு! சனிவே!" என்று நாற்காலியில் சரிந்தார். "பதினாலு வருசமா வராத வம்பு, உண்மையச் சொன்ன அன்னிக்கு வந்துட்டு பாத்தீரா?"

படிவத்தை நிரப்பும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தேன்; சிவப்பாக எரிந்தது. 'நிர்வாகம்' என்று போட்டேன், சிவப்பு. 'முருகன் துணை' என்று போட்டேன்; அதற்கும் சிவப்பு.

"நம்ம அல்லாரும் சேந்துதான சார் பண்ணோம்? அல்லார் பேரும் போட்டு உட்டுடு" என்றான் பவுல்சாமி.

ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. முதல் சரக்கில் 412.350 என்று தட்டச்சு செய்தவன் நான்தான் என்பதை இதுவரை வாசகர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். வேலை மும்முரம். அந்தக் கட்டத்துக்குச் சரியான பெயர் எது என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அதான் அந்த ஊர் கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே ஒரு பேர் இருக்குல்லா. அதையே போட்டு அனுப்பும்வே" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து நொடி இருந்திருக்கும். மகளின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வந்ததும் போய்விட்டது. சான்ட்ராவின் பெயரைத் தட்டச்சு செய்தேன். கட்டம் பச்சையானது. 'நன்றி. ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஐந்தாண்டுத் தடை இன்று முதல் அமல்' என்று வந்தது.

சான்ட்ரா என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். திரையை இரண்டு முறை படித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டிஃபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். பவுல்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வாசலில் நின்று, "சார், முதல் சரக்கு போனப்போ நான் அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டிருந்தேன்" என்றாள்.

பிறகு படி இறங்கிப் போய்விட்டாள்.

பத்து வயதிலேயே ஒரு பெண்ணை நம்பி வெளிநாட்டு வாணிபத்தின் முழுப் பொறுப்பையும் ஒப்படைத்த நிறுவனம், எனக்குத் தெரிந்து, இந்தியாவிலேயே எங்களுடையது ஒன்றுதான். அடுத்த சரக்கு தயாராக இருக்கிறது. எடையும் தயார். ஒரு பெயர்தான் குறைகிறது. அதிகாரம் பெற விரும்பும் பெண்கள் உடனே விண்ணப்பிக்கலாம். முன் அனுபவம் தேவையில்லை, அதையும் நாங்களே எழுதிக்கொள்வோம்.