வோல்டேஜ் அண்ணாச்சியும் பொங்காத மாவும்

ஹைதராபாத்தின் மொத்த ஜனத்தொகையில், காலையில் கண் விழித்ததும் தன் கம்ப்யூட்டருக்கு ஜுரம் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் தன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற ஒரே மனிதர் வோல்டேஜ் அண்ணாச்சிதான். ஒரு தடவை அவருக்கே உடம்பு அனலாகக் கொதித்தது. தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, "மிஷின் எழுவது டிகிரியில ஜம்முனு ஓடுது. நான் வெறும் முப்பத்தொம்போது. இதுக்குப் போயி லீவு போடுவாங்களா?" என்று சொல்லி, உப்பலில் இருந்த தன் கம்பெனிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

சைனிக்புரியில் எங்கள் அபார்ட்மென்டில் அவருடையது எதிர் ஃபிளாட். ஊர் திருநெல்வேலிப் பக்கம். வாசலில் பித்தளைப் பலகையில் அவருடைய நிஜப்பெயர் பளபளவென்று இருந்தது, ஒருவரும் படித்ததில்லை. தமிழர்களுக்கு வோல்டேஜ் அண்ணாச்சி, தெலுங்கர்களுக்கு வோல்டேஜ் காரு. கரண்ட் போனால்கூட வாட்ச்மேன் முதலில் அவரைத்தான் சந்தேகப்படுவான்.

பெயர் வந்த கதை இது. உலகத்தில் எங்கேயோ விஞ்ஞானிகளிடம் ராட்சசக் கணக்குகள் இருக்கின்றன. நட்சத்திரம் பற்றி, நோய் பற்றி, இன்னும் என்னென்னவோ. அவர்களிடம் இருக்கும் கம்ப்யூட்டர்கள் போதாது. அதனால் கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, இஷ்டப்பட்டவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட்டில் அனுப்புகிறார்கள். நம் மிஷின் போட்டு முடித்து விடையைத் திருப்பி அனுப்பினால் பாயின்ட் தருவார்கள். அந்தப் பாயின்டை வைத்து ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. ஆனால் அதற்காக நாடு நாடாக அணி சேர்ந்து போட்டி நடக்கிறது. அண்ணாச்சி ஒரு தமிழ் அணிக்குக் கேப்டன். அவரைத் தவிர கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர், சிங்கப்பூரில் ஒரு கணக்கு வாத்தியார், உதிரியாகச் சிலர்.

போட்டியில் ஜெயிக்க வேண்டுமானால் மிஷின் வேகமாக ஓட வேண்டும். வேகமாக ஓடினால் சூடாகும். சூடானால் அதுவே பயந்துகொண்டு மெதுவாகிவிடும். ஆகவே மிஷினின் மூளையான பிராசஸருக்குப் போகிற வோல்டேஜைத் துளித் துளியாகக் குறைப்பார். சூடு இறங்க இறங்க வேகத்தைக் கூட்டுவார். ஒரு கட்டத்தில் மிஷின் ஹேங் ஆகி அப்படியே தொங்கிப் போகும். "ஆங், இதான் லிமிட்" என்று சந்தோஷமாக ஒரு படி ஏற்றி வைப்பார். இதுதான் அவருடைய முறை.

மிஷினோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. அவர் வீட்டுக் காபியில் வாரா வாரம் சர்க்கரை குறைந்துகொண்டே வந்தது. மரியாதைக்குக் குடித்துக்கொண்டிருந்த நான் ஒரு நாள் தாங்க முடியாமல் முகத்தைச் சுளித்தேன். "ஆங், இதான் லிமிட்" என்று எழுந்துபோய்க் கால் ஸ்பூன் சர்க்கரை கொண்டுவந்து போட்டார். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், "கன்ட்ரோல்ல இருக்கு" என்று சொன்னதுதான் தாமதம், "அப்பம் மாத்திரையப் பாதியாக்கிப் பாப்பமா டாக்டர்? எங்கன தொங்குதுன்னு தெரிஞ்சுக்கிடலாம்லா" என்று கேட்டார். டாக்டர் அதற்குப் பிறகு அக்காவோடு வந்தால்தான் அவரை உள்ளே விட்டார்.

அக்கா என்பது அண்ணாச்சியின் மனைவி. அந்த மிஷினால் அக்காவுக்கு இருந்த ஒரே பிரயோஜனம் இட்லி மாவு. ஜனவரிக் குளிரில் எங்கள் வீடுகளில் மாவு உறைந்துபோன மாதிரி அசையாமல் கிடக்கும்போது, அவர் வீட்டில் மட்டும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சூடான காற்று வரும் இடத்தில் பாத்திரத்தை வைப்பார். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி நிற்கும். அண்ணாச்சி வோல்டேஜைக் குறைக்க ஆரம்பித்ததிலிருந்து வந்தது வினை.

"ஏங்க, நேத்து எதையும் கொறச்சியளா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"ரெண்டே ரெண்டு புள்ளிதான்டி கொறச்சேன்."

"மாவு அப்படியே கல்லாட்டம் இருக்கு. ஏத்தி வைங்க."

"ஏய், ஒலகமே கொறைக்க வழி தெரியாம முழிக்கு. நீ ஏத்தச் சொல்லுதியே!"

அன்றைக்குச் சப்பட்டையான இட்லியைச் சாப்பிட்டுவிட்டு அண்ணாச்சி வேலைக்குப் போவார். அவர் குறைத்தது எத்தனை புள்ளி என்பதை இட்லியின் உயரத்தை வைத்து நானே சொல்லிவிடும் அளவுக்கு எனக்குத் தேர்ச்சி வந்துவிட்டது.

கீழ் ஃபிளாட்டில் ரிட்டயர்டு கர்னல் ஒருவர். மிஷினின் ஃபேன் சத்தம் அவர் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்தது. அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து, "ஊப்பர் க்யா ஹெலிகாப்டர் உதர் ரஹா ஹை?" என்று இந்தியில் கர்ஜித்தார்; மேலே ஹெலிகாப்டரா இறங்குகிறது என்று அர்த்தம். அண்ணாச்சி, "டென்ஷன் நக்கோ கர்னல் சாப், நக்கோ" என்று ஊர் உருதுவில் வேண்டாம் வேண்டாமெனக் கும்பிட்டுவிட்டு வந்து, ஒரு வாரம் உட்கார்ந்து ஃபேன் வேகத்தைச் சீராக்கினார். சத்தம் மெல்லிய ஹம்மாக இறங்கியது. கொஞ்ச நாள் கழித்து ஊருக்குப் போனபோது மிஷினை நிறுத்திவிட்டுப் போனார். திரும்பி வந்தால் வாசலில் கர்னல். "ஏன் நிறுத்தினாய்? தூக்கமே வரவில்லை" என்று அதற்கும் சண்டை.

அண்ணாச்சியின் ஜென்ம எதிரி பின்லாந்து அணி. ஒவ்வொரு ஜனவரியும் நூலிழையில் நம் அணியைத் தோற்கடிப்பவர்கள். "அவனுவளுக்கு என்னவே, ஜன்னலைத் தொறந்தா ஐஸ். நாம இங்கன ஃபேனைக் கட்டிட்டு அழுதோம்" என்று குமுறுவார். போட்டி வந்தால் எல்லா ஜன்னலையும் திறந்து போட்டு, குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருப்பார். வருகிற விருந்தாளிகளுக்கும் வாசலிலேயே ஒரு குல்லாய் கிடைக்கும்.

அந்த வருஷம் போட்டி தொடங்கும் முன்பே சபதம் போட்டுவிட்டார். "இந்தத் தடவையும் பின்லாந்துகாரன்கிட்ட தோத்தேன்னா மிஷினை வித்துட்டு மனுஷனா வாழப் போறேன்வே. சத்தியம்." அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விடுதலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜெயிப்பதற்கு அண்ணாச்சி கையாண்ட தந்திரத்தின் பெயர் பதுக்கல். போட்டு முடித்த விடைகளை அனுப்பாமல் மிஷினுக்குள்ளேயே சேர்த்து வைப்பது. எதிரணி, 'இவன் படுத்துவிட்டான்' என்று அலட்சியமாக இருக்கும்போது, கடைசி நேரத்தில் மொத்தத்தையும் கொட்டுவது. போட்டி விதியில் இதற்குத் தடையில்லை. "ரேஷன் கடைக்காரன் புத்தி" என்றார் அக்கா.

அண்ணாச்சி பதுக்கிக்கொண்டிருந்ததால் அணியின் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே சைபர். அதற்குப் பதிலாக, புதிதாகச் சேர்ந்த 'யாரோ' என்று ஒரு பெயர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாயின்ட் சேர்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு அதன் மந்தமான வேகத்தைப் பார்த்தாலே எரிச்சல்.

"எவன்வே இவன்? ஒரு செட்டிங்கையும் தொடாம ஓட்டுதான். அந்த மிஷின் தோசைக்கல்லாட்டம் கொதிச்சிட்டு கெடக்கும். ஆள் கெடச்சா நாலு வார்த்தை கேக்கணும்."

போட்டி முடிவது லண்டன் நேரப்படி நள்ளிரவு; நமக்கு விடியற்காலை ஐந்தரை. சாட்சிக்கு ஆள் வேண்டுமென்று என்னை எழுப்பிக் குல்லாய் மாட்டி உட்கார வைத்தார். ஐந்து மணிக்குப் பதுக்கலைக் கொட்டினார். அண்ணாச்சியின் பெயர் பட்டியலில் ராக்கெட் வேகத்தில் ஏறியது. பின்லாந்து எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. "பாத்தியளாவே!" என்று என் தொடையில் ஓங்கி ஓர் அடி.

அப்புறம் ஏறுவது நின்றது. திரையில் சிவப்புச் சிவப்பாக வரிகள் வர ஆரம்பித்தன. ஒரே கணக்கை இரண்டு பேரிடம் கொடுத்து, விடை ஒத்துப்போனால்தான் பாயின்ட் தருவது அவர்கள் வழக்கம். அண்ணாச்சியின் கடைசி நாள் விடைகள் ஒத்துப்போகவில்லை. முந்தின நாள் ஆசை அடங்காமல் இன்னும் ஒரு படி வோல்டேஜைக் குறைத்திருக்கிறார். மிஷின் தொங்கவில்லை, அதனால் தைரியமாக இருந்துவிட்டார். தொங்கினாலாவது தெரிந்திருக்கும். அது பாட்டுக்கு ஒரு நாள் பூராவும் தப்புத் தப்பாகக் கணக்குப் போட்டுத் தள்ளியிருக்கிறது.

அண்ணாச்சி குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "போச்சுவே" என்றார். அவர் குரலை அவ்வளவு குறைந்த வோல்டேஜில் நான் கேட்டதே இல்லை. காபியாவது வாங்கி வரலாமென்று அடுப்படிக்குப் போனேன்.

அங்கே முக்காலியில் மாவுப் பாத்திரம் இருந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு ததும்பி நின்றது. பாத்திரத்துக்குப் பக்கத்தில், அவர்கள் மகள் காலேஜுக்கு எடுத்துப்போய்க் கழித்துப் போட்ட பழைய லேப்டாப். அதன் ஃபேன் உயிரை விட்டுக்கொண்டு சூடான காற்றைப் பாத்திரத்தின் மேல் ஊதிக்கொண்டிருந்தது. திரையில் அதே போட்டிக் கணக்கு. மூலையில் பெயர்: யாரோ.

யோசித்துப் பார்த்தால், அந்தச் சில வாரங்களாக இட்லி பூப்போல இருந்ததை நானும் கவனித்திருக்க வேண்டும்.

அக்கா உதட்டில் விரலை வைத்தார். "மகதான் போட்டுக் குடுத்தா. அவுகட்ட சொல்லிராதிய தம்பி. தெரிஞ்சா வந்து இதுலயும் வோல்டேஜைக் கொறச்சிருவாக. மாவு பொங்காது."

"மாவுக்காகத்தானா அக்கா?"

"பின்ன? மிஷினை வித்துட்டா நாள் பூரா என் அடுப்படியில வந்து நின்னுல்லா ட்யூன் பண்ணுவாக!" என்று சொல்லிவிட்டு, டம்ளரைத் துடைப்பது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "போன வருசம் தோத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருந்தாக தம்பி. அத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

கூடத்திலிருந்து அலறல் கேட்டது. ஓடினேன். அண்ணாச்சி நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். ஐந்தரை. பின்லாந்து ஓர் இடம் கீழே. அண்ணாச்சியின் பதுக்கலில் பிழைத்தது கொஞ்சம், பல் டாக்டரும் வாத்தியாரும் சேர்த்தது கொஞ்சம், கடைசி நிமிஷங்களில் வந்து விழுந்த விடைகளோடு மிச்சத்தைத் தூக்கி நிறுத்தியது யாரோ.

"அந்த யாரோவை ஒரு தடவ பாத்து கால்ல விழணும்வே" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு மனசு கேட்காமல், "ஆனா செட்டிங் மட்டும் படு மோசம்" என்றார். அக்கா காபித் தட்டோடு வந்து, "சரி, கால்ல விழுறத அப்புறம் பாக்கலாம், மொதல்ல ஜன்னலச் சாத்துங்க" என்றார். வாக்கிங் கிளம்பிய கர்னல் சத்தம் கேட்டு மேலே வந்து, விஷயம் புரியாமலே விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். எல்லோருக்கும் இட்லி. மிஷின் விற்கப்படவில்லை.

இப்போது நான் மௌலா அலிப் பக்கம் வீடு மாறிவிட்டேன். அண்ணாச்சியின் அணியில் நானும் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமையானால் பட்டியலில் என் வேகத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்வார். "வே, ஒம்ம மிஷின் கொதிக்குவே. வோல்டேஜைக் கொறையும்வே. எத்தனை தடவ சொல்லுதேன்?" என்று அரை மணி நேரம் திட்டு. இன்றைக்கே குறைக்கிறேன் என்று நானும் ஒவ்வொரு வாரமும் சத்தியம் செய்கிறேன்.

இதுவரை குறைக்கவில்லை. குறைத்துவிட்டால் அப்புறம் அவர் எதற்காக எனக்குப் போன் செய்யப் போகிறார்?