மூன்றாம் வாய்க்காலின் மௌன விரதம்

சாமியாருக்குத் தன்னுடைய பெயர் எப்படித் தெரிந்தது என்பதுதான் சிற்றம்பலத்தாருக்குப் பிடிபடவில்லை.

தபால்காரன் கொடுத்துவிட்டுப் போன அட்டையை அவர் மூன்று தரம் வாசித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, எழுத்துக்குள்ளே வேறு எழுத்து ஏதும் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்தார். ஒன்றும் இல்லை. முல்லைத்தீவுக் கரையில், களப்புத் தண்ணீருக்கு அந்தப் பக்கத்து மணல் திட்டில் இருக்கிற ஆச்சிரமத்திலிருந்துதான் வந்திருந்தது.

'அன்பர் சிற்றம்பலம் அவர்களுக்கு, வருகிற வெள்ளிக்கிழமை தொடக்கம் மூன்று நாள் மௌன விரதத்துக்குத் தங்களுக்கென ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம். தங்குமிடமும் சாப்பாடும் ஆச்சிரமத்தின் பொறுப்பு. விரத நாட்களில் பேசக்கூடாது. முக்கியமாக, எவரிடமும் எந்தக் கேள்வியும் கேட்கக்கூடாது. கரையில் தோணிக்காரர் காத்திருப்பார்.'

"இதென்னப்பா புதினம்? நான் அந்தச் சாமியாரைக் கண்டதுமில்லை, கதைச்சதுமில்லை. என்ர பேர் அவருக்கு என்னெண்டு தெரியும்?"

குசினிக்குள் கமலாசனியின் அகப்பை ஒரு கணம் நின்று மறுபடி சுழன்றது.

"முற்றும் துறந்தவைக்குத் தெரியாதது என்ன கிடக்கு?" என்றாள்.

"முற்றும் துறந்தவருக்கு என்ர விலாசம் மட்டும் ஏன் தேவைப்பட்டது? சோழியன் குடுமி சும்மா ஆடாது, கமலா."

சந்தேகம் சிற்றம்பலத்தாருக்குப் பிறவியிலே வந்ததல்ல. பாடுபட்டுத் தேடிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் அவருடைய வளவுக்கும் தமையனுடைய வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி இருந்தது. வருடா வருடம் வேலி அடைக்கும்போது தமையன், "நீ இரு தம்பி, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று அன்பாகச் சொல்லுவார். வருடா வருடம் வேலிக் கதியால் ஒரு முழம் உள்ளே நடந்து வந்தது. பன்னிரண்டாம் வருடம் ஒரு காலை, முகம் கழுவப் போன சிற்றம்பலத்தார் தன் கிணறு தமையனின் வளவுக்குள் நிற்பதைக் கண்டார். அன்றைக்கு அவர் நெஞ்சில் விழுந்த அடி பிறகு ஆறவே இல்லை. குடியேற்றக் கொலனியில் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனுப்போட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்துவிட்டார்.

வந்த இடத்தில் கிணறு பத்திரமாக இருந்தது. மனம்தான் பத்திரமாக இல்லை. காலையில் எழுந்ததும் வரம்பைக் காலால் அளப்பார். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விழும் வாய்க்கடையில் ஒரு தடியை நட்டு, நேற்றுத் தண்ணீர் எவ்வளவு நின்றது, இன்றைக்கு ஏன் அரை விரற்கடை குறைந்தது என்று மூன்றாம் வாய்க்காலின் மற்றப் பதினொரு வீட்டுக்கும் போய் விசாரணை வைப்பார். விசாரணை முடிய மத்தியானமாகும். வீட்டில் நல்லெண்ணெய்ப் போத்தலில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டைப் பார்க்கும்போது கமலாசனிக்குச் சிரிப்பும் வரும், சில நாள் அழுகையும் வரும். கட்டின மனுசியையே கரிக்கோட்டால் அளக்கிற மனுசனோடு அவள் ஒன்பது வருடம் குடித்தனம் செய்துவிட்டாள்.

"எனக்கு ஒரு விரதமும் வேண்டாம்" என்று அட்டையைக் கூரையில் செருகினார் சிற்றம்பலத்தார். "சனிக்கிழமை காலமை எங்கட தண்ணி முறை. நெற்பயிர் கதிர் வரக் குடலை தள்ளி நிக்குது. இந்த முறை விட்டால் அடுத்தது எட்டு நாளால. அதுக்குள்ள எல்லாம் அரிசியில்லாச் சப்பியாப் போகும்."

அது உண்மைதான். சிறுபோகம். குளத்தில் தண்ணீர் மட்டு. மூன்று ஏக்கரும் அந்தச் சனிக்கிழமைத் தண்ணீரை நம்பித்தான் நின்றது.

"சரி, வேண்டாமெண்டால் விடுங்கோ. மேல் வயல் தவராசாத் தம்பியைப் போகச் சொல்லுறன். இடம் சும்மா போகாமல் அவராவது போகட்டும்" என்றாள் கமலாசனி.

சிற்றம்பலத்தார் கூரையிலிருந்து அட்டையைத் திரும்ப எடுத்தார்.

"தவராசாவோ? என்ர இடத்திலயோ? நான் போறன்!"

போவதென்று முடிவாகி அரை மணித்தியாலம் ஆகவில்லை, மேல் வயல்காரன் தவராசா படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

"அண்ணை, ஆச்சிரமத்துக்குப் போறியளாம். நல்ல விசயம். தண்ணியைப் பற்றி யோசிக்காதேங்கோ. சனிக்கிழமை நான் நிண்டு கட்டிவிடுறன். நீங்கள் இருங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்."

சிற்றம்பலத்தார் நிமிர்ந்து பார்த்தார். தமையன் சொன்ன அதே வார்த்தை!

"நான் போறது உனக்கு ஆர் சொன்னது?"

"அது... சும்மா கதைச்சவை."

"அட்டை இப்பதான் வந்தது. அதுக்குள்ள ஆர் கதைச்சவை?"

தவராசா தலையைச் சொறிந்தான். ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதை சிற்றம்பலத்தாருக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அவர் கோபப்படவில்லை. புத்திசாலி கோபப்பட மாட்டான்.

"தம்பி, நல்ல காரியத்துக்குத் தனியாப் போகக்கூடாது. நீயும் என்னோட வா."

"நானோ? எனக்கு இஞ்சை வேலை கிடக்கண்ணை."

"என்ன வேலை? சனிக்கிழமை என்ர வயலிலை உனக்கு அப்பிடியென்ன வேலை?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் குற்றம். தவராசா, "சரி, வாறன்" என்றான்.

பின்னேரம் கீழ் வயல்காரன் கனகலிங்கம் ஒரு புதுக் குடையோடு வந்து நின்றான். மூன்றாம் வாய்க்காலில் ஒரு பச்சை மிளகாய் கடனாகக் கேட்டாலும் தராத மனிதன்.

"கடற்கரை வெயில் பொல்லாதது, அண்ணை. இதைக் கொண்டுபோங்கோ. ஆறுதலா இருந்து வாங்கோ. மூண்டு நாள் காணாட்டில் ஒரு கிழமையும் நிக்கலாம். நானும் விதானையாரும் வயலைப் பாப்பம்."

"ஒரு கிழமையோ?"

"பத்து நாளெண்டாலும் பரவாயில்லை" என்றான் கனகலிங்கம் ஆசையோடு.

சிற்றம்பலத்தார் குடையை விரித்து உள்ளே பார்த்துவிட்டு மடக்கினார். மேல் வயல்காரனைக் கட்டி இழுத்தால் கீழ் வயல்காரன் இருக்கிறான். அவன் வரம்பை வெட்டினால் நின்ற தண்ணீரும் வடிந்துவிடும்.

"கனகலிங்கம், குடையோட நீயும் வா."

"ஐயோ, நான் எதுக்கு?"

"வராட்டில் ஏன் வரேல்லை எண்டு நான் யோசிக்க வேண்டி வரும்."

சிற்றம்பலத்தார் யோசிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது கனகலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். அவனும் வர ஒப்புக்கொண்டான்.

மறுநாள் காலை சிற்றம்பலத்தார் ஊர் அதிகாரியான விதானையார் செல்வநாயகத்தின் வீட்டுக்குப் போனார். தண்ணீர் முறை பார்ப்பது விதானையார்தான். வாய்க்கால் மதகுப் பூட்டின் சாவி, அந்தத் திறப்பு, அவருடைய அரைஞாண் கயிற்றிலேதான் தொங்கும். அவருடைய வயலும் அதே வாய்க்காலில்தான்.

படலையடிக்கு வரும்போது உள்ளே நாலைந்து பேரின் சிரிப்புக் கேட்டது. இவர் தலை தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

"ஏன் நிப்பாட்டிப்போட்டியள்?"

"பகிடி முடிஞ்சுது" என்றார் விதானையார். "வாரும் சிற்றம்பலம். உம்மட சங்கதி கேள்விப்பட்டன். சந்தோசமாப் போட்டு வாரும். சனிக்கிழமை உம்மட மதகை நானே என்ர கையால திறந்து விடுறன். ஒரு மணித்தியாலம் கூடவே விடுறன்."

கூடவே! ஒன்பது வருடத்தில் ஒரு நிமிடம் கூட விட்டுக்கொடுக்காத விதானையார்! சிற்றம்பலத்தாருக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. மேல் வயல், கீழ் வயல், மதகு, மூன்றும் ஒரே கூட்டு. தன்னை மணல் திட்டில் வாயைக் கட்டி இருத்திவிட்டு, இங்கே வயலுக்கு உரிமை கொண்டாடப் போகிறார்கள். முன்பு வேலி நடந்தது. இனி வாய்க்காலே நடக்கப் போகிறது.

"விதானையார், நீங்களும் வரவேணும்."

"எனக்கு விசரோ? மதகை ஆர் பாக்கிறது? திறப்பை ஆரிட்டக் குடுக்கிறது?"

"ஒருத்தரிட்டயும் குடுக்க வேண்டாம். திறப்போடயே வாங்கோ. இல்லாட்டில் மூண்டாம் வாய்க்கால் தண்ணி விசயம் எண்டு கச்சேரியில அரசாங்க அதிபருக்கு ஒரு பெட்டிசம் எழுத வேண்டி வரும். எனக்கு எழுத்து நல்லா வரும்."

எழுத்து எவ்வளவு நன்றாக வரும் என்பது விதானையாருக்கும் தெரியும். போன வருடம் மட்டும் ஏழு பெட்டிசம். அவர் பெருமூச்சு விட்டு, வர இணங்கினார்.

சிற்றம்பலத்தார் வெற்றியோடு வீடு திரும்பி நடந்ததைச் சொன்னார். கமலாசனி நெற்றியில் கை வைத்தாள்.

"தவராசாவும் வாறார், கனகலிங்கமும் வாறார், விதானையார் திறப்போட வாறார். அப்ப சனிக்கிழமை எங்கட வயலுக்கு ஆர் தண்ணி கட்டுறது?"

இந்த ஒரு கேள்வியை மட்டும் சிற்றம்பலத்தார் கேட்க மறந்திருந்தார்.

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையா எல்லோ கிடக்கு" என்றாள் அவள்.

"பரவாயில்லை. எனக்குத் தண்ணி இல்லாட்டில் ஒருத்தருக்கும் இல்லை. களவெடுக்கேலாதெல்லே!" என்று சொன்னாரே தவிர, குடலை தள்ளி நின்ற பயிர் கண்ணுக்குள்ளேயே நின்றது. வாக்கைத் திரும்ப எடுக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தார். எடுத்தால் அவர்களுடைய சூழ்ச்சி பலித்துவிடும். எடுக்கவில்லை.

"நான் வீட்டிலை நிக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ" என்று கமலாசனி மெல்லச் சொன்னாள். "மூண்டு நாள்தானே."

சிற்றம்பலத்தார் எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீயும் உடுப்பை எடு."

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் திறப்புப் பயணம் போகிற செய்தி வாய்க்கால் முழுவதும் பரவியது. மிச்ச எட்டு வீட்டுக்காரரும் விதானையாரின் வாசலில் கூடினார்கள்.

"திறப்பு ஊரை விட்டுப் போனால் எங்கட முறைக்கு என்ன செய்யிறது?"

"நீங்கள் நாலு பேரும் இடைவழியிலை திரும்பி வந்து தண்ணியைப் பங்கு போடமாட்டியள் எண்டு என்ன நிச்சயம்?"

ஒன்பது வருடமாக ஒருவர் மட்டும் வைத்திருந்த வியாதி ஒரே மத்தியானத்தில் ஊருக்கே தொற்றியது. திறப்புப் போகிற இடத்துக்குத் தாங்களும் போவது என்று எட்டுப் பேரும் தீர்மானித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஒட்டுசுட்டானில் முல்லைத்தீவு பஸ் வந்து நின்றபோது, பதின்மூன்று பேர் மூட்டை முடிச்சோடு ஏறினார்கள். கொண்டக்டர், "என்ன, கலியாண வீடோ?" என்று கேட்டான். ஆளை ஆள் பார்த்தபடியே இருந்தார்கள். விதானையார் இருமினால் பதினொரு பேர் அவருடைய இடுப்பைப் பார்த்தார்கள். தவராசா தண்ணீர் குடிக்க இறங்கியபோது மூன்று பேர் கூட இறங்கினார்கள். கமலாசனி யன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். மௌன விரதம் ஆச்சிரமத்துக்குப் போகுமுன்பே தொடங்கிவிட்டது.

களப்புக் கரையில் ஒரு சின்னத் தோணி நின்றது. அதன் விளிம்பில், கழுத்தில் சிலுவைக் கயிறு போட்ட ஒரு கிழவர் சுருட்டுப் பிடித்தபடி இருந்தார். பெயர் செபமாலை. கரைக்கு இறங்கிய கூட்டத்தைக் கண்டு அவருடைய சுருட்டு வாயிலேயே நின்றது.

"இதுக்குள்ள சிற்றம்பலம் ஆர்?"

"நான்தான்" என்று முன்னே வந்தார் சிற்றம்பலத்தார். "உமக்கும் என்ர பேர் தெரியுமோ?"

"சாமியாருக்குக் கண் மங்கல், ஐயா. அவருக்கு வாற கடிதமெல்லாம் நான்தான் வாசிச்சுக் காட்டுறனான்."

சிற்றம்பலத்தாரின் கண்கள் மின்னின. நாலு நாளாகத் தொண்டையில் நின்ற முள் இப்போது வெளியே வரப் போகிறது. அவர் திரும்பி, பின்னால் நின்ற தவராசாவையும் கனகலிங்கத்தையும் விதானையாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். மூவரும் மணலைப் பார்த்தார்கள். கமலாசனி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என்னைப் பற்றி ஆரோ எழுதியிருக்கினம்! எனக்கு அப்பவே தெரியும்! சொல்லும் ஐயா, இவையளுக்கு முன்னால சொல்லும். ஆர் எழுதினது? என்ன எழுதினது?"

செபமாலை மடியிலிருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து விரித்தார். கடிதத்தைப் பார்த்தார். விரல் விட்டு ஆட்களை எண்ணினார். குழப்பத்தோடு தலையைச் சொறிந்தார்.

"'சிற்றம்பலத்தாரை மூண்டு நாள் அங்கை வைச்சிருங்கோ, அவரின்ர பயிருக்கு நாங்களே முதல் தண்ணி கட்டுறம், எங்களுக்கும் மூண்டு நாள் நிம்மதி வேணும்' எண்டு பன்னிரண்டு பேர் கையெழுத்து வைச்சுக் கெஞ்சி எழுதிப்போட்டு, இப்ப பன்னிரண்டு பேரும் இவரோடயே வந்து நிக்கிறியளே, உங்களுக்குள்ள முதல் கையெழுத்து வைச்ச கமலாசனி ஆரம்மா?"