தொலையாத ஸ்கூட்டருக்கு ஒரு போலீஸ் பூத்

திருடவில்லை என்று தெரிந்தே ஒரு பெண்மணியைத் திருடி என்று மண்டபம் நிறைந்த கூட்டத்தில் சொன்னவன் நான். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் இப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கக் கேட்கக் கோபம்தான் வருகிறது.

அப்போது திண்டிவனத்தில் எங்கே பார்த்தாலும் ஒரே வாக்குவாதம். கடைவீதிக்குக் கூடுதல் போலீஸ் வேண்டுமா, வேண்டாமா? கடைக்காரர்கள் வேண்டும் என்றார்கள். வந்தால் முதலில் எங்களைத்தான் தள்ளுவார்கள் என்றார்கள் தள்ளுவண்டிக்காரர்கள். நான் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் (அதாவது, யார் எதிரில் நிற்கிறார்களோ அவர்கள் பக்கம்). என் ஸ்கூட்டர் காணாமல் போகும் வரைதான் அது.

ஒரு நாள் காலையில் பார்த்தால் வாசலில் ஸ்கூட்டர் இல்லை. முந்தின நாள் அதில் கடைவீதிக்குப் போனது நினைவிருந்தது. எதில் திரும்பி வந்தேன் என்பது நினைவில்லை. ஆனால் ஆள் வீட்டில் இருக்கிறேனே, அப்படியானால் வண்டியும் வந்திருக்கத்தானே வேண்டும்? (இந்த லட்சணத்தில்தான் பிள்ளைகளுக்கு நியூட்டன் விதி நடத்தினேன்.) புகார் கொடுத்தேன். கடைவீதியிலிருந்தே பின்தொடர்ந்து வந்து தூக்கியிருக்கிறார்கள் என்று கண், காது, மூக்கு வைத்து ஊரெல்லாம் சொன்னேன். கூடுதல் போலீஸ் கேட்டு எழுதிய மனுவில் முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

அந்த வாரமே கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மேடையில் ஒரு போலீஸ் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார். பாதிக்கப்பட்டவர் என்று என்னைப் பேச அழைத்தார்கள். பேசவா செய்தேன், கர்ஜித்தேன். "தெருவில் வருகிறவன் போகிறவனையெல்லாம் நோட்டம் விட்டுக்கொண்டு நிற்பவர்கள் யார்?" என்று கேட்டு, தள்ளுவண்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசையைக் கண்ணாலேயே காட்டினேன்.

அந்த வரிசையிலிருந்து அஞ்சலை எழுந்தார். மார்க்கெட் முனை வேப்பமரத்தடியில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பவர். வாரம் தவறாமல் நான் அவரிடம்தான் வாங்குவேன். அளந்து போட்ட பிறகு, கேட்காமலே ஒரு பிடி கொசுறு அள்ளிப் போடுவார். போலீஸ் பூத்துக்குப் பார்த்து வைத்திருந்த இடம் அந்த மரத்தடி.

"போலீசு வர்றத நான் வேணாங்கல. பூத்த எங்க மரத்தாண்டதான் வெக்கணுமா? அந்த நெழலுலதான் நான் பொழச்சிக்கினு கீறேன்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா சார் நீங்க, வண்டி களவு போச்சின்னு கத்திக்கினு கீறீங்க! வண்டி எங்கிட்டதான கீது? அன்னிக்கி நிறுத்திட்டு, போன்ல பேசிக்கினே விழுப்புரம் பஸ்ல ஏறிப் பூட்டீங்க. உங்க வூடும் தெரியாது. மழ வந்திச்சின்னு படுதா போட்டு மூடி வெச்சிக்கினு கீறேன். ஜல்தியா வந்து எடுத்துக்கினு போங்க."

மண்டபமே சிரித்தது. "வாத்தியாரே, மாத்திரை போட மறந்துட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எனக்கு எல்லாமே நினைவுக்கு வந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து மகளின் போன், பேத்திக்குக் காய்ச்சல், புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ், ஜன்னலோர சீட். 'மறந்துவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடித்தேன்.

"பார்த்தீர்களா? திருடியவர்கள் வாயாலேயே வந்துவிட்டது! மாட்டிக்கொண்டதும் பஸ் கதை!"

சிரிப்பு நின்று கைதட்டல் கிளம்பியது. களவாடியவள் கூட்டத்தில் எழுந்து, வண்டி என்னிடம் இருக்கிறது, எடுத்துப் போ என்பாளா? அத்தனை படித்தவர்களில் ஒருவருக்குக்கூட இதைக் கேட்கத் தோன்றவில்லை. என் வெள்ளைச் சட்டை சொன்னதை நம்பினார்கள், அவர் சேலை சொன்னதை நம்பவில்லை. காவல், காவல் என்று கத்தினோமே, மழையில் படுதா போட்டு மூடியதை விடவா ஒரு காவல்?

"அம்மா, கொஞ்சம் ஸ்டேஷனுக்கு வாங்க. விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்" என்றார் அதிகாரி.

"என் மல்லாட்ட வண்டிய யாரு பாத்துக்குவாங்க?" என்று மட்டும் கேட்டார் அஞ்சலை. மற்ற தள்ளுவண்டிக்காரர்களும் அடங்கிப்போக, மரத்தடியில் பூத் என்ற தீர்மானம் மறுபேச்சில்லாமல் நிறைவேறியது.

நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி விழுப்புரம் போய், மகள் போனில் இருந்தாள். "அப்பா, நீங்க பஸ்லதானே வந்தீங்க? அந்தம்மாவப் போயி திருடின்னா சொன்னீங்க?" மனைவி சாப்பாட்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். "அந்தம்மாவ நேத்தே அனுப்பிட்டோம் சார். நியாயமா உங்க மேலதான் கேஸ் போடணும்" என்று அதிகாரி ஸ்கூட்டரைக் காட்டினார். அஞ்சலையின் படுதா மடித்தபடி சீட்டின் மேல் இருந்தது.

வியாபாரிகளிடம் போய், இன்னொரு கூட்டம் போடுங்கள், எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன் என்றேன். "எல்லாரும் மறந்துட்டாங்க, நீங்களும் மறந்துடுங்க சார். அதான் உங்களுக்கு நல்லா வருதே" என்றார்கள். மார்க்கெட் முனைக்கே போய், படுதாவைத் திருப்பிக் கொடுத்து, "அஞ்சலை திருடவில்லை, நான்தான் தெரிந்தே பொய் சொன்னேன்" என்று உரக்கச் சொன்னேன். கத்தரிக்காய் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அஞ்சலை படுதாவை உதறி மடித்து வண்டிக்கடியில் வைத்தார், அவ்வளவுதான். பூத்தை இடம் மாற்றக் கேட்டு விழுப்புரத்தில் மாவட்ட போலீஸ் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனேன். (இந்த முறையும் பஸ்தான், ஸ்கூட்டரை வீட்டில் பூட்டிவிட்டு.) அங்கிருந்தவர் பழைய மனுவைப் புரட்டிக் காட்டினார். "பூத் வேணும்னும் நீங்கதான் மொதல்ல போட்டிருக்கீங்க. இப்ப வேணாம்னும் நீங்கதானா?"

பூத் மரநிழலில் நிற்கிறது. அஞ்சலையின் வண்டி எதிர்ப்புறம் வெயிலில் நிற்கிறது. வெளியே கிளம்பும்போதெல்லாம் மனைவி, "எதுல போறீங்களோ அதுலயே திரும்பி வாங்க" என்கிறாள். காய்ச்சல்காரப் பேத்திக்கும் இந்த வசனம் மனப்பாடம். அஞ்சலையும் விடுவதில்லை. "வா சார், வண்டிலயா வந்த, பஸ்லயா?" என்று பூத்துக்குக் கேட்கும்படி கேட்பார். போலீஸ்காரர்களும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

சிரித்துக்கொண்டே மல்லாட்டையை அளந்து, தலைதட்டி, பையில் கொட்டுவார். அளவில் குறையே இருக்காது. நான்தான் பையை மூடாமல் கொஞ்ச நேரம் விரித்துப் பிடித்தபடி நிற்பேன். அவர் அடுத்த ஆளுக்கு அளக்கத் தொடங்கியிருப்பார்.