நான்காவது முகத்துக்கு ஒரு நடனம்

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் மருமகள் விபாதா கைகூப்பி எழுதுவது. இங்கு மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாக்கோன் பாத்தோமிலிருந்து நீங்கள் அனுப்பிய பம்பளிமாஸ் தேனாக இருந்தது.

நேர்த்திக்கடன் என்னவாயிற்று என்று கேட்டிருந்தீர்கள். மூன்று வயதாகியும் உங்கள் பேத்தி நுன் வாய் திறக்கவில்லையே என்று, சந்து முனையிலிருந்த நான்முகப் பிரம்மாவிடம் நான் வேண்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். வேண்டுதல் பலித்தால் சாமி முன் ஆட, எல்லாரையும் போல் கூலிக்கு ஆட்டக்காரிகளை ஏற்பாடு செய்யச் சொன்னீர்கள். நான்தான் பெரிய மனுஷி மாதிரி ‘அவள் பேசினால் நானே வந்து ஆடுகிறேன்’ என்று சொல்லி வைத்தேன். சொங்க்ரான் தண்ணீர்ப் பண்டிகையன்று யாரோ அவள் தலையில் வாளியைக் கவிழ்க்க, “தண்ணி!” என்று கத்தினாள். அதோடு சரி, அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. கடன் பாக்கி என்பதால்தான் சாமி மீதி வார்த்தைகளைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தூக்கமே போயிற்று. ஓடிப்போய்ப் பார்த்தால் மேடை காலி! இடத்துக்காரர் கடை கட்டப்போகிறாராம், சாமியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டாராம்.

இன்று மூவரும் அங்கே போனோம். வாசலிலேயே காவலர் சுந்தாரி அக்கா சாமந்தி மாலையையும் ஊதுபத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டார். “இது கோயில் இல்லம்மா.” “ஆடலாமா அக்கா?” என்றேன். சுவரிலிருந்த பலகையை ஒருமுறை படித்துவிட்டு, “தொடக்கூடாது, திங்கக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு. சத்தமில்லாம ஆடிட்டுப் போ” என்றார். கருடன், அனுமன் எல்லாரையும் தாண்டிப் போனால், கூடத்துக் கோடியில் சுவர் ஓரமாக நம் சாமி. நான் வேண்டிக்கொண்டது வாய்க்கால் பக்கம் பார்த்த முகத்திடம், அதாவது மேற்கு. படித்தவள் அல்லவா, ஃபோனில் திசை பார்த்தேன். மேற்கு முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, நடுவே ஒரு முழ இடைவெளி. “முன்னாடியே ஆடு, அவருக்குத் தெரியாதா?” என்றார் உங்கள் மகன். கடன்பட்டது ஒரு முகத்திடம், தீர்ப்பது இன்னொரு முகத்திடமா? உள்ளே நுழைந்துவிட்டேன். விரல்களை வளைத்து ஒரு சுற்றுத் திரும்பியதும் இடுப்பு சிக்கிக்கொண்டது.

“ஏம்மா, சாமியத் தொடாதே!”

“நான் தொடல அக்கா, அவர்தான் என்னைப் பிடிச்சிருக்கார்!”

“மூச்சை உள்ள இழுடி” என்று கையைப் பிடித்து இழுக்கிறார் உங்கள் மகன். “மத்தியானம் தின்ன நூடுல்ஸை எங்க இழுக்கிறது?” என்று நான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதுவும் காட்சியில் சேர்த்தி என்று வரிசையாக உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். அப்போதுதான், அத்தை, சுந்தாரி அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நம் நுன் சொன்னாள்: “அம்மா மாட்டிக்கிட்டா!”

உங்கள் மகன் என் கையை விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். நான் சிக்கியபடியே அழுதேன். “அழாத, இன்னும் ஊதிக்கும்” என்று சுந்தாரி அக்காதான் பக்கவாட்டில் உருவி எடுத்தார். வீடு வரும்வரை படகுக்காரர், ஐஸ் விற்பவர், எதிர்வீட்டு நாய் என்று யாரையும் விடாமல் நுன் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லாரும் தூங்கியாயிற்று, எனக்குத்தான் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

கடன் தீர்ந்தது. பிரம்மாவின் நான்கு முகங்களும் உங்களைக் குளிரப் பார்க்கட்டும்.

உங்கள் மருமகள்
விபாதா

பி.கு.: காலையில் கடிதத்தை உறையில் போடுமுன் ஃபோனில் நேற்று எடுத்த படங்களைப் பார்த்தேன். வேண்டிக்கொண்ட அன்று அந்த வாய்க்கால் பக்க முகத்தின் முகவாயில் என் கையால் கோணலாக ஒட்டிய தங்கத்தாள், கூடத்தைப் பார்த்த முன்பக்க முகத்தில் மின்னுகிறது. கொண்டுபோய் வைத்தபோது திருப்பி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய் ஆட வேண்டும். நுன்னிடம் சொன்னேன். “முன்னாடியே ஆடும்மா” என்கிறாள். இரண்டாவது வாக்கியத்திலேயே அப்பா பக்கம் சேர்ந்துவிட்டாள், அத்தை.