மருமகனின் காருக்கு நான் பூட்டிய சில்லுகள்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் றிஸ்கான் அவர்களுக்கு, உங்கள் மாமனார் மீராமுகைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும், உங்கள் மாமி சித்தி லைலாவும், உங்கள் மனைவி ஹுஸ்னியாவும், பிறந்து நாற்பத்து மூன்று நாளான பேத்தியும், இளைய மகள் பஸ்லியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கட்டாரில் உங்கள் சுகத்துக்காகவும், அங்குள்ள வெயில் தணியவும், உங்கள் மேலதிகாரியின் குணம் திருந்தவும் ஐவேளையும் துஆச் செய்கிறோம். உங்கள் காரும் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் இந்த மனிதர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். நீங்கள் அழைக்கும்போது போனைச் சுற்றிப் பத்துத் தலை நிற்கிறது. நான் சொல்ல வேண்டியது பத்துத் தலைக்கு முன்னால் சொல்லக்கூடியதல்ல. பக்கத்து வீட்டுக் காலிதீன் ஞாயிறன்று டோஹா பறக்கிறார். அவருடைய பையில் கருவாட்டுக்கும் அரிசிமாவுக்கும் நடுவே இது வந்து சேரும். மணத்துக்கு மன்னிக்கவும்.

போகும்போது சாவியை என் கையில் வைத்து, "மாமா, வெள்ளிக்கு வெள்ளி பத்து நிமிசம் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வெச்சாப் போதும், றோட்டுக்கு எடுக்கத் தேவல்ல" என்று எவ்வளவு பணிவாகச் சொன்னீர்கள்! ஐந்து வெள்ளி அப்படியே செய்தேன். ஆறாவது வெள்ளி, இஞ்சின் உறுமிக்கொண்டிருக்கக் கார் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. ஜும்ஆவுக்குப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். பள்ளி எங்கள் வாசலிலிருந்து நூற்றைம்பது யார். அடுத்த வாரம் பாலமுனையில் ஒரு கல்யாணம். உங்கள் கார் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கு அன்றுதான் தெரிந்தது. திரும்பி வரும் வழியில் ஒரு சின்ன மதகின் விளிம்பில் முன் இடது சில்லு மோதியது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து எத்தனையோ மதகு கட்டியவன் நான். ஒரு மதகு எனக்குச் செய்த வேலையைப் பாருங்கள். றிம் வெடித்துவிட்டது, டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவில் ஒரு வீக்கம்.

நீங்கள் அறியாமல் அதே போல ஒன்றை வாங்கிப் பூட்டிவிடலாம் என்றுதான் டயர்க்கடை நளீமிடம் போனேன். "சேர், இந்த டிசைன்ல தனி ஒண்டு எங்க தேடியும் கிடைக்கா. மாத்துறெண்டா நாலையும் மாத்தோணும்" என்றார். அந்த நேரம் ஷைத்தான் என் காதில் ஒரு வார்த்தை சொன்னான். நாலையும் மாற்றுவதென்றால் ஏன் இருந்ததைவிடத் திறமானதாக மாற்றக்கூடாது? மருமகன் விடுமுறையில் வந்து காரைப் பார்த்து மலைத்துப் போக வேண்டாமா? மதகின் கதையும் அந்த மலைப்பிலேயே மறைந்துவிடும். நளீம் டயரில் எழுதியிருந்த 215/45 R17 என்பதைக் குறித்துக்கொண்டு, நட்டுத் துவாரங்களின் இடைவெளி என்ன, றிம் உள்ளே எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்றெல்லாம் கேட்டார். தெரியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் திணைக்களத்தில் இருக்கவில்லை. "எல்லாம் நோமல்தான்" என்றேன்.

அன்று மாலை பஸ்லியா, ஒலுவில் கெம்பஸில் கணிதம் படிக்கிற பிள்ளை, ஒரு தாளை நீட்டினாள். "வாப்பா, 215 எண்டா டயர்ர அகலம். 45 எண்டா அந்த அகலத்துல நூத்துக்கு நாப்பத்தஞ்சு பங்கு உயரம். 17 றிம்முட அங்குலம். றிம்மைப் பெருப்பிச்சா டயர்ர உயரத்தைக் குறைக்கோணும். மொத்த உசரம் மாறப்படா." நான் அதுவரை 45 என்பது காற்றின் அளவு என்று நினைத்து, அப்படியே அடிப்பித்தும் வந்தேன். ஆனால் மகளிடம் படிப்பதா? "நாங்க வாய்க்கால் அளந்தவங்க, மகள்" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். சட்டை துவைக்கப் போனது.

முதலில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து நாலு றிம் வாங்கினேன். ஐந்து நட்டுக்கு ஐந்து துவாரம், எண்ணித்தான் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினால் ஒரு நட்டுக்குமேல் உள்ளே போகவில்லை. துவாரங்கள் நிற்கிற வட்டம் உங்கள் காரில் நூற்றுப் பதினாலே கால் மில்லிமீற்றராம், அந்த றிம்மில் வெறும் நூறாம். அவற்றின் மேல்தான் இப்போது உங்கள் மாமி குரோட்டன் சாடிகள் வைத்திருக்கிறார். பிறகு நளீமிடமே மறுபடி போய், பதினெட்டு அங்குலத்தில், எட்டரை அங்குல அகலத்தில், கறுப்பில் மினுங்குகிற நாலு றிம்மைக் காட்டி, அதற்குக் கொழுத்த டயராகப் போடச் சொன்னேன். 225/50. நளீம் வாயில் கை வைத்தார். "சேர், இது மட்காட்டுக்கு வெளியே வரும். பின்னுக்கு ஆக்கள் ஏறினாத் தேயும்." "பின்னுக்கு ஆர் நளீம் ஏறப்போறது?" என்றேன். உங்கள் மனைவி அப்போது எட்டாம் மாதம்.

பூட்டி முடித்துப் பார்த்தபோது சில்லுகள் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கார் இடுப்பில் கை வைத்துச் சண்டைக்கு நிற்பது போல இருந்தது. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் கல்முனை வீதியில் பொலிஸார் மறித்து, ஐம்பதில் போக வேண்டிய இடத்தில் ஐம்பத்தைந்தில் வந்தீர்கள் என்றார்கள். நான் வேக முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினவன். ஐம்பதுக்கு ஒரு மயிரிழை கூடவில்லை. நடுவீதியில் அரை மணி நேரம் வாதாடினேன். "உங்கட முள்ளு பொய் சொல்லுது ஐயா" என்று அபராதத் துண்டைக் கிழித்துத் தந்தார் அந்தப் பொலிஸ்காரர். வீட்டில் பஸ்லியா கணக்குப் பார்த்துவிட்டு, டயர் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருத்துவிட்டது, ஒரு சுற்றுக்குக் கார் தான் அறியாமலே கூடுதல் தூரம் போகிறது, பொலிஸ்காரர் சொன்னதே சரி என்றாள். பெற்ற மகள்.

இனித்தான் நான் மறைத்த பாகம். பேத்தி பிறந்த செய்தி உங்களுக்கு நிமிடத்துக்குள் வந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பது வரவில்லை. அன்று காலை பத்து மணிக்கு ஹுஸ்னியாவுக்கு நோவு தொடங்கியது. ஓட்டோ பிடிப்போம் என்றார் உங்கள் மாமி. வாசலில் இப்படி ஒரு கார் நிற்கிறபோதா? முன்னால் உங்கள் மாமி, பின்னால் ஹுஸ்னியா, பஸ்லியா, மகனுடைய பிள்ளையைப் பார்க்க முதல்நாளே வந்து தங்கியிருந்த உங்கள் உம்மா முனவ்வறா. முதலாவது வேகத்தடையில் பின்னாலிருந்து மர ஆலையில் கேட்பது போல ஒரு சத்தம். இரண்டாவதில் றப்பர் கருகும் மணம். ஹுஸ்னியா நோவோடு சத்தம் போடுகிறாள், டயரும் சத்தம் போடுகிறது, எது யாருடையது என்று தெரியவில்லை. பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று பஸ்லியாவை இறக்கினேன். தேய்வது நிற்கவில்லை. பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல, மருமகன். உங்கள் உம்மாவை இறங்கச் சொல்ல நாக்கு வரவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். "விளங்கிச்சு மச்சான்" என்று அவரே கதவைத் திறந்து இறங்கி, குடையை விரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். நூறு யார் போயிருக்க மாட்டோம், பின் டயர் வெடித்தது.

ஹுஸ்னியா அந்த நேரம் அழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, காரை விடுங்க. என்னைப் பாருங்க" என்றாள். அவள் சின்னதில் சைக்கிளிலிருந்து விழுந்தபோதும் நான் முதலில் சைக்கிளைத்தான் தூக்கினேனாம். பிறகு உங்கள் மாமி சொன்னார். டயரடியிலிருந்து எழும்பி அவளிடம் ஓடினேன். பிரகாஸ் என்கிற ஓட்டோக்காரத் தம்பி தானாக நிறுத்தி, ஏற்றியிருந்த மீன் பெட்டியை இறக்கி வீதியோரம் வைத்துவிட்டு, "ஐயா, ஏத்துங்க, கதைக்க நேரமில்ல" என்றார். பின்னால் ஹுஸ்னியாவும் மாமியும், முன்னால் பிரகாஸுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நான். நாங்கள் ஏறுவதற்குள் முன்னால் நடந்துவிட்ட உங்கள் உம்மாவை வழியில் கடந்து போனோம். அவர் குடையை அசைத்தார். நாற்பது நிமிடத்தில் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ இருநூறு. அந்த ஓர் அளவில் மட்டும் நான் பிழை விடவில்லை, எழுதி வைத்திருக்கிறேன்.

மறு வாரம் பஸ்லியாவின் முன்னால் கொப்பியோடு உட்கார்ந்தேன். பதினெட்டு அங்குலம் வேண்டுமானால் 215/40, றிம் அகலம் ஏழரை, பழைய றிம் எவ்வளவு உள்ளே உட்கார்ந்ததோ அவ்வளவே என்றாள். வெளியே ஆறு மில்லிமீற்றர்தான் வரும், கார் இரண்டு மில்லிமீற்றர்தான் உயரும். நளீமிடம் கறுப்பைக் கொடுத்து அந்த அளவில் வெள்ளி நிறம் வாங்கினோம். ஸ்டியறிங்கை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டிப் பார்த்தோம். பின் இருக்கையில் நெல் மூட்டை ஏற்றிப் பார்க்கப் போனபோது உங்கள் உம்மா, "மூட்டை எதுக்கு? நானே இரிக்கன். இந்த முறை இறங்க மாட்டன்" என்று ஏறி உட்கார்ந்தார். மாவடிப்பள்ளி வரை போய் வந்தோம். ஒரு சத்தமில்லை. உங்கள் உம்மாவும் சத்தமில்லை, நித்திரை.

ஆகவே மருமகன், என்னை மன்னிக்க வேண்டும். இனி அந்தச் சாவியைத் தொடமாட்டேன். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், பரக்கத்தையும், மாமனாரைப் பொறுத்துக்கொள்கிற மனத்தையும் தரட்டும். மாமியின் சலாம். பேத்தி கையை அசைக்கிறாள், அதையும் சலாமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள் மாமனார்,
மீராமுகைதீன்

பி.கு.: உறையை ஒட்டும்போது பஸ்லியா கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கதிரையில் விழுந்தாள். மதகில் மோதிய அன்றே அவள் உங்களுக்குப் படம் அனுப்பிவிட்டாளாம். கறுப்பு றிம்மையும் நீங்கள் பார்த்தீர்களாம். 215/40 என்று கணக்குப் போட்டுக் கொடுத்ததே நீங்கள்தானாம். "மாமா வெட்கப்படுவாரு, எனக்குத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதீங்க" என்று எல்லோரிடமும் வாக்கு வாங்கினீர்களாம். அப்படியானால் போனைச் சுற்றி நின்ற பத்துத் தலைக்கும் எல்லாம் தெரியும். கிழிக்கத்தான் நினைத்தேன், எட்டுப் பக்கம் எழுதிய கை விடவில்லை. அனுப்புகிறேன். ஆனால் இதை வாசித்ததாக நீங்கள் காட்டிக்கொள்ள வேண்டாம். எழுதியதாக நானும் காட்டிக்கொள்ள மாட்டேன்.